இராபர்ட் புரூசு ஃபூட்

இராபர்ட் புரூசு ஃபூட் (செப்டம்பர் 22, 1834 - டிசம்பர் 29, 1912) பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த இவர், 1863 ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் வரலாற்றுக்கு முந்தைய கால மனிதர் வாழ்ந்ததை ஐயமின்றி நிறுவிய கண்டுபிடிப்பு இதுவாகும். இதனால் இவர் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என அழைக்கப்படுகிறார்.

கற்கருவிகளைக் கண்டுபிடித்தவராகவே ஃபூட் பெரிதும் அறியப்பட்டாலும், பழைய மட்பாண்டங்களையும் பானை ஓடுகளையும் திரட்டி, அவற்றை இனங்கண்டு, கிடைத்த இடத்தோடு பதிவு செய்தமை இவரது பணியின் மற்றொரு முக்கியப் பகுதியாகும். இவர் சேர்த்த பொருட்கள் சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஃபூட் தொகுப்பு என்னும் பெயரில் உள்ளன.

பிறப்பும் பணியில் சேர்தலும்

ஃபூட் இங்கிலாந்தின் குளூசுட்டர்சயர் மாவட்டத்தில் உள்ள செல்ட்டனம் நகரில் பிறந்தார். 1858 டிசம்பரில், தமது 24 ஆவது வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது அத்துறையின் தலைவராக இருந்தவர் தாமசு ஓல்டாம் ஆவார். ஃபூட் சென்னை மாகாணத்தில் பணியமர்த்தப்பட்டார். நிலத்தின் பாறை அமைப்புகளை ஊர் ஊராகச் சென்று ஆய்ந்து நிலவியல் வரைபடம் ஆக்குவதே இவரது முதன்மையான கடமையாகும். தொல்பொருள் தேடுதல் அக்கடமையில் அடங்கியதன்று. ஆயினும் ஆற்றங்கரைகள், குன்றுகள், கற்குழிகள், ஓடைகள் ஆகியவற்றை அணுகி நோக்க வேண்டிய தொழில், தொல்பொருட்களைக் காணும் வாய்ப்பையும் இவருக்கு அளித்தது.

இவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவரும், சென்னையில் தினவர்த்தமானி இதழை நடத்தியவரும் இவரே.

காலச்சூழல்

1859 ஆம் ஆண்டில் யோசப்பு பிரெசுட்விச்சு, சான் எவான்சு ஆகிய ஆங்கிலேய அறிஞர்கள் பிரான்சு நாட்டின் சொம் ஆற்றுப் படுகைக்குச் சென்று, அங்கே பூச்செ தெ பெர்த்து கண்டெடுத்திருந்த கற்கருவிகள் மிகப் பழமையானவை என்று ஏற்றுக்கொண்டனர். அழிந்துபோன விலங்குகளின் காலத்திலேயே மனிதன் வாழ்ந்தான் என்ற கருத்து அதன் பின்னரே அறிஞரிடையே வலுப்பெற்றது. இச்செய்திகள் ஃபூட்டை இந்தியாவிலும் அத்தகைய கருவிகளைத் தேடத் தூண்டின.

அக்காலத்தில் சென்னையைச் சூழ்ந்த தொண்டை மண்டலத்தின் பழமை பற்றி அறிய இலக்கியங்களும், கோயில்களும், கல்வெட்டுகளும், செப்பேடுகளுமே சான்றுகளாக இருந்தன. சான்றாக, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் கி.பி. 7 ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வரலாற்றைக் கூறுவன. ஃபூட்டின் கண்டுபிடிப்புகள், எழுத்துச் சான்று எட்டாத நெடுங்காலத்துக்கு இதே மண்டலத்தின் வரலாற்றைப் பின்னோக்கி நீட்டின.

பல்லாவரம், அத்திரம்பாக்கம் கண்டுபிடிப்புகள்

1863 மே 30 அன்று, பல்லாவரம் படைக்குடியிருப்புக்கு அருகில் சரளை எடுப்பதற்காகத் தோண்டப்பட்டிருந்த குழி ஒன்றின் கழிவுக் குவியலில் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அது குவார்ட்சைட்டு என்னும் கடினமான கல்லால் ஆன கைக்கோடரி ஆகும். ஆயினும் அது மண்ணடுக்கின் உள்ளே அன்றிக் குவியலில் கிடைத்ததால், அதன் பழமையை நிலவியல் முறையில் உறுதி செய்ய மேலும் சான்று தேவைப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, ஃபூட்டும் அவருடன் பணிபுரிந்த வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டனர். இக்கருவிகள் செம்புரைக்கல் சார்ந்த சரளைப் படிவுகளோடு தொடர்புடையனவாக இருந்தன. இது பற்றிய ஃபூட்டின் விரிவான கட்டுரை 1866 ஆம் ஆண்டில் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளிவந்தது. 1868 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாரிச்சு நகரில் கூடிய பன்னாட்டுத் தொல்பழங்கால ஆய்வு மாநாட்டிலும் இவர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார்.

அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் மேற்கொண்ட அகழாய்வின் முடிவுகள் 2011 ஆம் ஆண்டில் வெளியாயின. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என அவ்வாய்வு காட்டியது. ஃபூட் காலத்தில் இத்தகைய காலக்கணிப்புக்கு வழி இருக்கவில்லை.

நிலவியல் பணிகள்

ஃபூட் 33 ஆண்டுகள் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றினார். சென்னை, வட ஆற்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் பற்றிய இவரது நூல் 1873 இலும், தென் மராத்தா நாடு பற்றிய நூல் 1876 இலும், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள் பற்றிய நூல் 1883 இலும், பெல்லாரி மாவட்டம் பற்றிய நூல் 1895 இலும் வெளிவந்தன. தென்னிந்தியாவில் பொன் கிடைக்கும் முக்கியப் பாறைத் தொகுதிக்குத் தார்வார் தொகுதி என்று பெயரிட்டவர் இவரே. 1880களில் கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளைத் தம் மகன் என்றி புரூசு ஃபூட்டின் உதவியோடு ஆராய்ந்தார்.

1891 இல் ஓய்வு பெற்ற பின்னர் பரோடா அரசில் நிலவியலாளராகப் பணியாற்றினார். 1893 இல் குசராத்தின் சபர்மதி ஆற்றுப் படுகையில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். 1894 இல் மைசூர் அரசு தொடங்கிய நிலவியல் துறைக்கு முதல் தலைவரானார்.

மட்பாண்டங்கள் திரட்டல்

ஃபூட்டின் காலத்துக்கு முன்பும் தென்னிந்தியாவில் பழைய மட்பாண்டங்களைத் தேடியவர்கள் இருந்தனர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே ஆங்கிலேய அதிகாரிகள் பலர் கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் தோண்டிப் பார்த்தனர். நீலகிரியில் சேம்சு வில்கின்சன் பிரீக்சு தோண்டி எடுத்த, விலங்கு உருவங்கள் பொருந்திய மூடிகளையுடைய கலங்கள் புகழ் பெற்றவை. ஆனால் இத்தேடல்களில் முழுமையான கலங்களும், வெண்கல, இரும்புப் பொருட்களும், மணிகளுமே பெரிதும் விரும்பப்பட்டன. உடைந்த ஓடுகள் பொதுவாகக் கழிக்கப்பட்டன. பொருள் எங்கே, எதனோடு கிடைத்தது என்பதும் பல வேளைகளில் எழுதி வைக்கப்படவில்லை.

ஃபூட்டின் முறை இதிலிருந்து வேறுபட்டது. இவர் புதைகுழிகளை மட்டும் நாடாமல், மக்கள் வாழ்ந்த இடங்களின் நிலமேற்பரப்பிலும், மழைநீர் அரித்த ஓடைக் கரைகளிலும் கிடந்த ஓடுகளையும் எடுத்தார். கலத்தின் விளிம்போ, கழுத்தோ, அடிப்பாகமோ, அணிவேலைப்பாடு கொண்ட சிறு துண்டோ கிடைத்தாலும் அதனைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்த ஒவ்வொரு பொருளுக்கும் அது கிடைத்த இடத்தின் பெயரைக் குறித்து வைத்தார். பாறைத் துண்டு ஒன்று எடுக்கப்பட்ட இடம் தெரியாவிடின் நிலவியலாளருக்கு அது பயன்படாது. அத்தொழில் ஒழுங்கையே இவர் பானை ஓடுகளுக்கும் கடைப்பிடித்தார் எனலாம்.

பெல்லாரி மாவட்டத்தின் கப்கல்லு, இன்றைய கருநாடகத்தின் மசுக்கி, காவிரிக் கரையில் உள்ள திருமகூடல் நரசிப்பூர், சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலை, குசராத்தின் பரோடா அரசுப் பகுதிகள் எனப் பல இடங்களிலிருந்து இவர் பொருட்களைத் திரட்டினார். இத்தொகுப்பில் இடம்பெற்ற இடங்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவை. கற்கருவிகள், மட்பாண்டங்கள் ஆகியவற்றோடு சங்கு வளையல் துண்டுகள், மணிகள், இரும்புப் பொருட்கள் முதலியனவும் இதில் அடங்கும்.

இனங்காணும் முறை

ஓடு ஒன்றைக் கண்டு அது எக்காலத்தது என்று கூறுவதற்கு ஃபூட் சில அடையாளங்களைப் பயன்படுத்தினார். அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

கலத்தின் உறுப்பு: ஓடு கலத்தின் எப்பகுதியைச் சேர்ந்தது என்பது முதலில் பார்க்கப்படும். விளிம்பு, கழுத்து, உடல், அடி, கால், மூடி, மூக்கு ஆகியவற்றுள் விளிம்பு சிறப்பிடம் பெறுகிறது. விளிம்பின் வளைவைக் கொண்டு கலத்தின் வாய் எவ்வளவு அகலமானது என்பதையும், அது சட்டியா, கிண்ணமா, குடமா என்பதையும் ஓரளவு கணிக்க இயலும்.

நிறம்: சிவப்பு, கறுப்பு, பழுப்பு, சாம்பல் ஆகிய நிறங்கள் மண்ணின் தன்மையையும் சுடும் முறையையும் காட்டுவன.

மேற்பரப்பு: சொரசொரப்பாக விடப்பட்டதா, வழவழப்பாகத் தேய்க்கப்பட்டதா என்பது கவனிக்கப்படும். புதிய கற்கால மட்பாண்டங்கள் பெரும்பாலும் மங்கிய நிறமும் சொரசொரப்பும் கொண்டவை என்றும், இரும்புக்கால மட்பாண்டங்கள் செறிந்த நிறமும் நல்ல பளபளப்பும் கொண்டவை என்றும் ஃபூட் வேறுபடுத்தினார்.

அணிவேலைப்பாடு: கீறல் கோடுகள், புள்ளிகள், விரல் அல்லது நகப் பதிவுகள், ஒட்டுப் பட்டைகள் முதலியன இதில் அடங்கும்.

உடன் கிடைத்த பொருட்கள்: ஓட்டின் அருகே மெருகிட்ட கற்கோடரி இருந்ததா, இரும்புக் கசடு இருந்ததா என்பது காலத்தை ஊகிக்க உதவியது.

இரும்புக்காலக் கலங்களின் பளபளப்பு, பீங்கானில் காணப்படும் கண்ணாடித் தன்மையான பூச்சால் உண்டானதன்று. சுடுவதற்கு முன் ஈரம் முற்றும் உலராத நிலையில் மேற்பரப்பைத் தேய்த்து மெருகிடுவதால் அது உண்டாகிறது. தென்னிந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் அமைந்தது. கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத பகுதி கறுப்பாகவும், காற்றுப் பட்ட பகுதி சிவப்பாகவும் மாறுகிறது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கமாகும்.

ஃபூட் தம் பட்டியலில் கலங்களுக்குப் பெயரிடும்போது சட்டி, லோட்டா போன்ற இந்தியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினார். சட்டி என்னும் தமிழ்ச் சொல் இவ்வகையில் தொல்பழங்கால மட்பாண்ட விளக்கங்களில் இடம்பெற்றது.

சாம்பல் மேடுகள்

பெல்லாரிப் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த தக்காண நிலத்திலும் பெரிய சாம்பல் மேடுகள் காணப்படுகின்றன. இவற்றுட் சில உருகிய கசடு போலத் தோற்றமளிப்பன. இவை எரிமலையால் ஆனவை என்றும், உலோகம் உருக்கியதால் ஆனவை என்றும், போரில் இறந்தோரை எரித்த இடங்கள் என்றும் பலவாறு கருதப்பட்டன. ஃபூட் இம்மேடுகளை ஆராய்ந்து, அங்கே கிடைத்த புதிய கற்காலக் கற்கோடரிகளையும், பானை ஓடுகளையும், கால்நடை எலும்புகளையும் கருத்திற் கொண்டார். மாட்டுப் பட்டிகளில் குவிந்த சாணம் எரிந்ததாலேயே இம்மேடுகள் தோன்றின என்று அவர் முடிவு செய்தார்.

இம்முடிவு உடனடியாக அனைவராலும் ஏற்கப்படவில்லை. 1957 ஆம் ஆண்டில் இரேமண்டு ஆல்ச்சின் உட்னூரில் நடத்திய அகழாய்வில் மாட்டுப் பட்டியின் வேலித் தூண் குழிகளும் மாடுகளின் குளம்புச் சுவடுகளும் வெளிப்பட்டன. இதனால் ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின்னர் ஃபூட்டின் விளக்கம் உறுதிப்பட்டது.

ஏற்காட்டு வாழ்க்கை

ஓய்வுக்குப் பின்னர் ஃபூட் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டில் குடியேறினார். இம்மலையில் மெருகிட்ட புதிய கற்காலக் கோடரிகள் மிகுதியாகக் கிடைத்தன. மலைவாழ் மக்கள் இவற்றை நிலத்தில் கண்டெடுத்துப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்ததை இவர் பதிவு செய்துள்ளார். பல தலைமுறைகளாக மக்கள் பேணி வந்ததால், ஆய்வாளர் வருமுன்னரே இக்கருவிகள் அழியாமல் காக்கப்பட்டன.

தொகுப்பும் விவரப்பட்டியலும்

1901 ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருந்த தொல்பழங்காலப் பொருட்களுக்கு ஃபூட் ஒரு பட்டியல் ஆக்கி வெளியிட்டார். 1904 ஆம் ஆண்டில் அவ்வருங்காட்சியகம் ஃபூட்டின் சொந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. அப்போது அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்சுட்டன் ஆவார். நாற்பது ஆண்டுகளில் திரட்டப்பட்ட பொருட்கள் பல இடங்களுக்குச் சிதறாமல், பெருமளவுக்கு அவை கிடைத்த நிலப்பகுதியிலேயே தங்கியமைக்கு இதுவே காரணமாகும்.

பின்னர் ஃபூட் தம் தொகுப்புக்கு விரிவான விளக்கப் பட்டியல் எழுதும் பணியில் ஈடுபட்டார். இதில் பொருட்கள் மாவட்ட வாரியாகவும் ஊர் வாரியாகவும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு பதிவும் பொருளின் வகை, உறுப்பு, நிறம், வேலைப்பாடு ஆகியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது. இந்நூல் அச்சாகி வெளிவருவதை ஃபூட் காணவில்லை. பட்டியல் 1914 ஆம் ஆண்டிலும், பொருட்களின் காலம், பரவல் பற்றிய குறிப்புகள் அடங்கிய இரண்டாம் நூல் 1916 ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன.

குறைகளும் மதிப்பீடும்

ஃபூட்டின் பொருட்களிற் பெரும்பாலானவை நிலமேற்பரப்பில் எடுக்கப்பட்டவை. முறையான அகழாய்வில் மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கி, எது முந்தியது, எது பிந்தியது என்று காணும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. ஆகவே ஓடுகளைப் புதிய கற்காலம், இரும்புக்காலம் எனப் பிரிக்க முடிந்ததேயன்றி, அவற்றுக்கு ஆண்டுக் கணக்கில் காலம் கூற இயலவில்லை. மங்கிய ஓடு முந்தியது, பளபளப்பான ஓடு பிந்தியது என்னும் பொது விதியும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. புதிய கற்கால மக்களும் மெருகிட்ட கலங்களைச் செய்துள்ளனர் என்பது பிற்கால அகழாய்வுகளால் தெரிய வந்தது.

பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனித வாழ்வில் நெடிய இடைவெளி ஒன்று இருந்தது என்றும் ஃபூட் கருதினார். நுண்கற்கருவிகளைப் பயன்படுத்திய இடைக்கற்கால மக்கள் பற்றிய ஆய்வுகள் வளர்ந்த பின்னர் இக்கருத்து கைவிடப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் தேரி மணற்பகுதியில் உள்ள சாயர்புரத்தில் ஃபூட் தாமே அத்தகைய நுண்கருவிகளைச் சேகரித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

தென்னிந்திய மட்பாண்டங்களுக்கு உறுதியான கால வரிசை, மார்ட்டிமர் வீலர் 1945 இல் அரிக்கமேட்டிலும் 1947 இல் பிரம்மகிரியிலும் நடத்திய அகழாய்வுகளால் உருவாயிற்று. அரிக்கமேட்டில் காலம் தெரிந்த உரோமானிய மட்பாண்டங்களோடு உள்நாட்டு மட்பாண்டங்களும் ஒரே அடுக்கில் கிடைத்தன. பிரம்மகிரியில் புதிய கற்கால அடுக்குகளின் மேல் பெருங்கற்காலப் பண்பாட்டு அடுக்குகள் அமைந்திருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சிபுரத்தில் நடந்த அகழாய்வுகளிலும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் குறியீடுகளும் தமிழி எழுத்துகளும் பொறித்த ஓடுகள் வெளிப்பட்ட பின்னர், உடைந்த ஓட்டின் மதிப்பு பொதுமக்களுக்கும் தெரியலாயிற்று.

இக்குறைகள் இருப்பினும் ஃபூட்டின் தொகுப்பு பயனிழக்கவில்லை. அவர் பொருள் எடுத்த இடங்களிற் பல இன்று குடியிருப்புகளாகவும், கல் குவாரிகளாகவும், உழுநிலங்களாகவும் மாறிவிட்டன. பல்லாவரமும் சென்னை மாநகரப் பரப்பில் கலந்துவிட்டது. அத்தகைய இடங்களுக்கு அருங்காட்சியகத்தில் உள்ள பொருளும், பட்டியலில் உள்ள ஊர்ப்பெயருமே எஞ்சிய சான்றுகளாக உள்ளன. ஓடு பற்றிய அவரது காலக்கருத்து மாறினாலும், அது எங்கே கிடைத்தது என்ற குறிப்பு மாறுவதில்லை. பிற்கால ஆய்வாளர்கள் அவ்விடங்களைத் தேடிச் சென்று மீண்டும் ஆராய்வதற்கு இக்குறிப்புகளே வழிகாட்டின.

மறைவும் நினைவும்

ஃபூட் 1912 டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவில் காலமானார். அவரது உடல் அங்கே எரியூட்டப்பட்டு, சாம்பல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1882 இல் ஏற்காட்டில் மறைந்த அவரது மாமனார் பெர்சிவலின் நினைவுச் சின்னமும் இவ்வாலயத்தில் உள்ளது.

கருநாடகத்தின் பல்லாரியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம் ஒன்று ஃபூட்டின் பெயரையும், அருகிலுள்ள புதிய கற்கால ஊரான சங்கனகல்லின் பெயரையும் தாங்கியுள்ளது. அவர் திரட்டிய பொருட்கள் உள்ள சென்னை அரசு அருங்காட்சியகத்தில், பல்லாவரத்தில் 1888 இல் அலெக்சாந்தர் இரீ கண்டுபிடித்த கால்களையுடைய சுடுமண் ஈமப்பேழையும், கூரத்தில் கிடைத்த நடராசர் செப்புத் திருமேனியும் இடம்பெற்றுள்ளன. தொண்டை மண்டலத்தின் கற்காலம், இரும்புக்காலம், வரலாற்றுக் காலம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் காண விரும்பும் மாணவர்களுக்கு இவ்வருங்காட்சியகம் பயனுள்ளதாகும்.